முறுக்குக் கவர் கொடுத்த சாட்சி

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி லக்ஷ்மிகாந்துக்குப் பேடண்ட் கிடைக்கவில்லை. ஆனால் 'கண்டுபிடிப்பாளர்' என்ற பித்தளைப் பலகை அவர் வாசலில் ஏறி மூன்று வருஷமாகிறது. தபால்காரர்கூட அதைப் படித்ததில்லை.

அவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது, தின்பண்டம் நமுத்துப் போகாத ஐந்து அடுக்கு பிளாஸ்டிக் பிலிம். பேடண்ட் அலுவலகமோ, இதையெல்லாம் ஒரு ஜப்பான்காரன் எப்போதோ எழுதிவிட்டான் என்று விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த ஜப்பான் காகிதத்தைத் தேடிக் கொடுத்து ஆட்சேபித்தவன், இவரிடம் மிஷின் ஓட்டிவிட்டுத் திருவெறும்பூரில் தனிப் பட்டறை போட்ட பூவரசன். பேடண்ட் கைக்கு வந்ததும் அந்தப் பட்டறையைப் பூட்ட வைப்பதாக லக்ஷ்மிகாந்த் வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதற்குத்தான் சென்னை கோர்ட்டில் அப்பீல்.

"ஜப்பான்காரன் நடு அடுக்கோட கனத்தைச் சொல்லவே இல்லை. அந்த ஒரு பாயிண்டை நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்கோ" என்றார் வக்கீல் சேஷு.

பாவம், சேஷு மயிலாப்பூர்க்காரர். லக்ஷ்மிகாந்தின் வாயைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விசாரணைக்கு முந்தின நாளே லக்ஷ்மிகாந்த் எதிர்வீட்டு வைஜயந்தி மாமியிடம் போயிருந்தார். மாமி வீட்டுக்குள் வந்த எந்தக் கவரும் வெளியே போனதில்லை. கழுவி, கொடியில் உலர்த்தி, மெத்தைக்கு அடியில் படிய வைத்துவிடுவாள்.

"எங்க பொண்ணு மைத்ரேயி கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு போட்டுக் கொடுத்தேனே, அந்தக் கவர் இருக்கா மாமி?"

"இல்லாம? எட்டு வருஷமா வடாம் போட்டு வைக்கறேன். கவர் உரியவே மாட்டேங்கறது. முறுக்குதான் கல்லு."

"கோர்ட்டுல காட்டணும்."

"திரும்பி வரணும், சொல்லிட்டேன்."

கோர்ட்டில் சேஷு நன்றாகவே பேசினார். கனம் பழைய காகிதத்தில் இல்லைதான் என்று நீதிபதியே தலையசைத்தார். பின் வரிசையில் பூவரசன் முகம் சுண்டியது. அதைப் பார்த்த சந்தோஷம் லக்ஷ்மிகாந்தை எழுப்பி நிறுத்தியது.

"மை லார்ட், இதுதான் என் பிலிம். எட்டு வருஷமாகியும் ஒரு அடுக்குகூட உரியலை."

சேஷு சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் கவர் நீதிபதியின் கைக்குப் போய்விட்டது.

"விண்ணப்பத்துல இருக்கிற அதே கனமா இது?"

"மைக்ரான் பிசகாது. எண்ணூறு பேருக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு அடுக்கோட கனத்தையும் அச்சடிச்சிருக்கேன், பாருங்கோ."

நீதிபதி பார்த்தார். சங்கு சக்கரத்துக்குக் கீழே கல்யாணத் தேதியும் இருந்தது.

"கல்யாணம் ரெண்டாயிரத்துப் பதினேழு தை மாசம். நீங்க விண்ணப்பம் போட்டது பத்தொன்பதுல."

சேஷு மெல்ல உட்கார்ந்துகொண்டார். ஜப்பான்காரன் சொல்லாமல் விட்டதை, விண்ணப்பத்துக்கு இரண்டு வருஷம் முன்பே முறுக்கோடு சேர்த்து ஊருக்கெல்லாம் விநியோகித்தவர் இவரேதான். ஊரே கையில் வைத்திருந்த ஒன்று புதுசாக எப்படி இருக்கும்? அப்பீல் தள்ளுபடி.

வராந்தாவில் பூவரசன் பணிவாகக் கும்பிட்டான். "வரேங்கய்யா. அந்தப் பக்கம் வந்தா பட்டறைக்கு வாங்க. இனி அதே கனத்துல ஓட்டலாம்னு இருக்கோம்."

ஸ்ரீரங்கம் திரும்பியபோது மாமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கவர் எங்கே?"

"கோர்ட்டுலயே வச்சுண்டுட்டா."

மாமி அண்ணாந்து பித்தளைப் பலகையைப் பார்த்தாள்.

"அப்போ அதைக் கழட்டிக் கொடுங்கோ. வடாம் டப்பாவுக்கு மூடி இல்லை."