தயிர்சாதம் தின்ற டிரவுட்

எங்கள் எஸ்டேட் துரை மீன்பண்ணைக்கு ஆள் எடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். தேவிகுளத்துக்கு மேலே ஓடும் எங்கள் ஆற்றில் விடுவதற்காக டிரவுட் மீன் வளர்த்தார்கள். அதைப் பிடிக்கிற உரிமை துரைமார் கிளப்புக்கு மட்டும். ஆனால் காவலுக்கு வைத்த ஒவ்வொருவனும் மீனை வறுத்துத் தின்றுகொண்டிருந்தான். கடைசியில், 1954-ல், துரைக்கு ஒரு யோசனை உதித்தது. மீனே தின்னாத ஆளைப் பிடித்துப் போட்டால் தொல்லை விட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்து ராஜாராமன் மலையேறி வந்தது இப்படித்தான்.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான என்னை, மீன் இல்லாமல் சோறு இறங்காத திருநெல்வேலி வம்சத்துப் பாஸ்கலை, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும்.

ராஜாராமனுக்கு ஒரே கவலை. வேலை பெர்மனென்ட் ஆனால்தான் குடும்பக் குவார்ட்டர்ஸ் தருவார்கள். கல்யாணமான கையோடு மனைவி பர்வதத்தைக் கல்பாத்தியில் விட்டுவிட்டு வந்த மனிதர். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் முன்பே அவளுக்காக ஒரு அம்மிக்கல் வாங்கி என் வீட்டு வாசலில் போட்டு வைத்திருந்தார். என் மனைவி அதில் தினமும் தடுக்கி விழுந்தாள்.

மீன்குஞ்சுக்குத் தீனி ஆட்டு ஈரல். அதைப் பச்சையாகக் கையில் எடுத்து மசித்துத் தொட்டியில் போட வேண்டும். முதல் நாளே ராஜாராமன் அந்தப் பொட்டலத்தை ஒரு குச்சியில் மாட்டி எடுத்துவந்து என் வீட்டில் சேர்த்துவிட்டார். ஈரல் வீணாகலாமா? நாங்கள் நல்லெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டோம். மீனுக்கு அவர் தம் தயிர்சாதத்தைப் போட்டார். உச்சிவேளையில் வேஷ்டியை மடித்துக் கட்டித் தொட்டித் தண்ணீரில் நிற்பார். மந்திரம் சொல்லி, இரு கையாலும் நீரை அள்ளி அர்க்கியம் விடுவார். அது முடிந்ததும் தயிர்சாத உருண்டை விழும். மீன்கள் செத்துத் தொலையும் என்று எதிர்பார்த்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தன. வால் பிளந்த பெரிய மீன் ஒன்று எப்போதும் முதலாவதாக வந்து அவர் கணுக்காலை உரசும்.

வளர்ந்ததை ஆற்றில் விட்டார்கள். அவர் அர்க்கியமும் ஆற்றுக்கு இடம் மாறியது.

துரைமார் கொசு மாதிரி இறகு கட்டிய தூண்டில்முள்ளை வீசி வீசித் தோள் கழன்றுபோனார்கள். ஒரு மீனும் சீண்டவில்லை. தயிர்சாதத்தில் வளர்ந்த மீனுக்குக் கொசுவைக் கண்டால் என்ன தெரியும்? ஆற்றில் மீனே இல்லை என்று துரை முடிவுகட்டினார். சீமையிலிருந்து கம்பெனியின் பெரிய டைரக்டர் சனிக்கிழமை வருகிறார். அவருக்கு ஒரு மீனாவது கிடைத்தால் ராஜாராமன் பெர்மனென்ட், கிடைக்காவிட்டால் அன்று மாலையே மலையிறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ராஜாராமன் என் வாசலுக்கு வந்து அம்மியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை முழுவதும் டைரக்டர் தூண்டில் வீசினார். ஒன்றும் இல்லை. உச்சிவேளை வந்தது. வேலை போனாலும் சந்தியாவந்தனம் தவறக்கூடாது என்று ராஜாராமன் கொஞ்சம் தள்ளி ஆற்றில் இறங்கினார். கையில் நீரை அள்ளினாரோ இல்லையோ, ஆற்றிலிருந்த டிரவுட் முழுவதும் டைரக்டரின் காலைக் கடந்து அவரிடம் ஓடியது.

டைரக்டர் வாயைப் பிளந்தார். இது என்ன முறை என்று கேட்டார். பாலக்காட்டு முறை என்று துரை சொல்லிவைத்தார், வேறென்ன சொல்ல? தானும் அதே முறையில்தான் பிடிப்பேன் என்று டைரக்டர் அடம்பிடித்தார். பாறையில் காய்ந்த ராஜாராமனின் மடி வேஷ்டியை எடுத்துச் சுற்றிக்கொண்டார், தண்ணீரில் நின்றார், நீரை அள்ளி விட்டார். மீன்கள் வந்து காலை உரசின. கூச்சம் தாங்காமல் நெளிந்து, வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தார். எழுந்தபோது வேஷ்டி மடிப்பில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்தது.

இறகுத் தூண்டிலில் பிடித்தால்தான் கணக்கு என்பது கிளப் சட்டம். துரைமார் கூடிப் பேசி, வேஷ்டியும் ஒருவகைத் தூண்டில்தான் என்று தீர்மானம் போட்டார்கள். ராஜாராமனுக்கு அங்கேயே வேலை பெர்மனென்ட் ஆனது. இனி எந்த விருந்தாளி வந்தாலும் அவர் ஆற்றில் நின்று மீனை வரவழைக்க வேண்டும் என்றும் உத்தரவு. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வால் பிளந்திருந்தது.

மறுநாள் என் வீட்டுக்கு ஈரல் வரவில்லை. கேட்கலாமென்று பண்ணைக்குப் போனேன். ராஜாராமன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை ரத்தமாக, பச்சை ஈரலைப் பிசைந்து புதுக் குஞ்சுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் ஒழுகியது.

“என்ன சாமி இது? அம்மியில வச்சு அரைக்கக் கூடாதா?” என்றேன்.

“அது பர்வதத்துக்காக்கும்.” மீண்டும் ஒரு கை ஈரலை எடுத்தார். “இதுகள் மாம்சம் தின்னு பழகட்டும், பாஸ்கல். துரையோட தூண்டில்ல விழுந்தா அது அதோட விதி. என் கைஜலத்தை நம்பி வந்து ஒண்ணும் விழப்படாது.”

விருந்தாளி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாள் நட்சத்திரம் கூடினால்தான் அந்த முறை பலிக்கும் என்று துரையிடம் சொல்லிவிட்டாராம். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத மனிதர். அதற்குப் பிறகு பஞ்சாங்கத்தில் அவருக்கு அப்படி ஒரு நாள் தட்டுப்படவே இல்லை.

அடுத்த மாதம் பர்வதம் வந்தாள். நானும் அவருமாக அம்மியைக் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிப்போனோம். ஆற்றோரமாகப் போனால் பக்கம், அவர் சுற்றுவழியில் கூட்டிப்போனார். உச்சிவேளை, பழைய மீன்கள் அவர் முன்பு அர்க்கியம் விட்ட துறையில் இன்னமும் வந்து காத்துக்கொண்டிருந்தன.