வரிசையாக வந்த எண்

மருத்துவமனையின் முன்பதிவு இணையதளம் மறுநாள் திறப்பதாக இருந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் மேலாளர், "இது இரும்புக் கோட்டை" என்று காலையிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைபவர்களுக்குத் தளம் தரும் அடையாள எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. பார்க்க அழகாக இருக்குமாம்.

தளத்தைச் சோதிக்கும் வேலை அவருடைய மச்சினிக்கு. அவள் அவரை மெல்லக் கூப்பிட்டாள்.

"அத்தான், என் எண்ணோட ஒண்ணைக் கூட்டிப் போட்டேன். பாஸ்வேர்டே கேக்கல. எனக்கு அடுத்து யாரு உள்ள வந்தாங்களோ, அவங்க பக்கம் அப்படியே திறந்துக்குச்சு."

"யாரு வந்தது?"

"நீங்கதான்."

தளம் திறக்குமுன்பே அவர் ரகசியமாகப் போட்டிருந்த முன்பதிவு திரையில் பளிச்சென்று தெரிந்தது: வழுக்கையில் முடி நடும் சிகிச்சை. மேலாளரின் கை தானாகப் போய்த் தலையிலிருந்த விக்கைத் தடவியது.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"தேடிப் பாத்துட்டேன். நான் மட்டும்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. "நாளைக்குத் திறக்க வேணாம். யாராலயும் ஊகிக்க முடியாத எண்ணா மாத்தச் சொல்லு. உங்க அக்காகிட்ட மட்டும்..."

"அது விக்குன்னு அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும், அத்தான். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு பேசாம இருக்கா."

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, விக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றைத் தலையில் வாங்கிக்கொண்டார்.