எதிரே வந்தவள்

வல்லரசு அந்த மூங்கில் கம்பை முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தான். வளைந்ததே தவிர ஒடியவில்லை. கடைசியில் வாசல் கல்லில் ஓங்கி அடித்தான். கம்பு நடுவில் பிளந்தது.

"போதுமா அண்ணி? இனிமே காலங்காத்தால வெளிய போவ வேணாம்."

கார்குழலி கதவோரம் நின்றாள். அவள் கணவன் நீலமேகம், வல்லரசுவின் அண்ணன், விசைப்படகிலிருந்து கடலில் விழுந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் உடல் ஒதுங்கியது.

காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போகும் அந்தத் தெருவில், கடலுக்குக் கிளம்பும் ஆண்களின் எதிரே கைம்பெண் வரக்கூடாது. அவர்கள் கிளம்புவது விடிகாலையில். பெண்களுக்கான சிலம்ப வகுப்பும் விடிகாலையில்தான்; அதற்கு மறுபடி போகத்தான் அவள் கம்பை எடுத்திருந்தாள்.

"கம்பு சுத்தக் கத்துகினு யாரை அடிக்கப் போற? அன்னிக்கு ஒருத்தன் தாலிச் செயின அறுக்க வந்தான்னு சேந்த. இப்ப கழுத்துல இன்னா கீது, காப்பாத்திக்கினு நிக்க?"

சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டு வருடத்துக்கு முன் டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் பைக்கில் வந்தவன் செயினைப் பிடித்து இழுத்தான். செயின் அறவில்லை; கழுத்துதான் அறுபட்டது. அதன்பிறகு ஒரு மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை. நீலமேகம்தான் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தான். "எவனாவது கிட்ட வந்தான்னா மண்டையப் பொளந்துடு," என்று சிரித்தான்.

இரண்டு வருடத்தில் எவனும் வரவில்லை. யார் மண்டையும் உடையவில்லை. ஆனால் சுவரை ஒட்டியே நடந்தவள் தெரு நடுவில் நடந்தாள். படுத்தால் தூக்கம் வந்தது. கோபம் வந்தால் கை நடுங்குவது நின்றுபோயிற்று.

நீலமேகம் இறந்த பதினாறாம் நாள் உறவுக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கை கழுத்தை நோக்கி வந்தது. முன்னால் நீளும் கையை எப்படித் தட்டிவிடுவது என்று அவளுக்குத் தெரியும். விரல்கள் மடியிலிருந்து எழும்பக்கூடச் செய்தன. மாமியார் ராஜாத்தி அழுதுகொண்டே அவற்றைப் பிடித்துக்கொண்டாள். திருடனால் அறுக்க முடியாததைச் சொந்தக்காரர்கள் அறுத்துப் பால் கிண்ணத்தில் போட்டார்கள்.

கம்பு உடைந்த மறுநாள் கார்குழலி வெறுங்கையோடு கிளம்பினாள். தெருமுனையில் படகு ஓட்டும் அருள்நாதன் ஸ்கூட்டரில் எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினான். வண்டியைத் திருப்பி வீட்டுக்கே போய்விட்டான். பின்னால் வந்த இருவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள்.

பழைய கார்குழலியாக இருந்தால் ஓடியிருப்பாள். மூச்சை இழுத்து விட்டாள். பாதத்தை அழுத்தி வைத்தாள். நடந்தாள்.

வகுப்பு நடத்துபவள் ஞானசெல்வி. ரயில்வேயில் வேலை, கார்குழலியைவிட ஐந்து வயது இளையவள். எதுவும் கேட்காமல் தன் கம்பைக் கொடுத்தாள். வழக்கம்போல இருவர் இருவராக எதிரெதிரே நின்றார்கள். கார்குழலிக்கு எதிரே கல்லூரி மாணவி மாயா. அவள் நேராக முகத்தைப் பார்த்து வணக்கம் வைத்தாள்.

ஐம்பது நாளாக யாரும் அப்படிப் பார்க்கவில்லை. இழவு வீட்டில் எல்லோரும் அழச் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஞானசெல்வி ஓடிவந்து தேற்றவில்லை. "அழுதுகினே சுத்துங்கக்கா. காலடி மட்டும் தப்பாம பாத்துக்கங்க," என்றாள். கம்பு சுழன்றது. வரிசை முழுக்கத் தன் வேகத்தைக் குறைத்து அவள் காலடிக்கு ஏற்பக் காலடி வைத்தது.

திரும்பி வந்தபோது வல்லரசு வாசலில் நின்றான்.

"அருள்நாதன் ஓட்டுற போட்டு இன்னிக்குக் கடலுக்குப் போவல. ஒன்னாலதான். தெருவே பேசிக்கினு கீது."

"அன்னிக்கு ஒங்க அண்ணன் கெளம்பசொல்ல எதிர்ல நின்னது யாரு?" என்றாள் கார்குழலி. குரல் உயரவில்லை. "நான்தான். பூ வச்சிகினு, பொட்டு வச்சிகினு, கழுத்துல தாலியோட நின்னு அனுப்பி வச்சேன். திரும்பி வந்தாரா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ராஜாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் புருஷன் செத்து இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

"அன்னிக்கு வாசல்லர்ந்து 'போறேம்மா'ன்னு கூவுனான்," என்றாள். "நான் கதவத் தொறக்கல. என் மூஞ்சில முழிச்சிட்டுப் போனா ஆவாதுன்னு அடுப்பாண்டயே நின்னுகினு இருந்தேன். கொரலு மட்டுந்தான் கேட்டுச்சு. புள்ள மொகத்தக் கடைசியா பாக்காம வுட்டுட்டேன்."

அதற்கு நான்காம் நாள் வல்லரசுவின் படகு புறப்பட வேண்டியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த நேரத்தில் எப்போதும் மூடியிருக்கும் சமையலறைக் கதவைப் பார்த்து "போறேம்மா" என்றான். அன்று கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

ராஜாத்தி தெருவில், அவன் போகவேண்டிய வழியில் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நேரத்தில் அவள் தெருவைப் பார்த்ததில்லை. முழங்கால் வெடவெடத்தது.

"காலக் கொஞ்சம் அகட்டி வச்சிக்கங்க அத்தை," என்றாள் பக்கத்தில் நின்ற கார்குழலி மெதுவாக. "மூச்ச நிதானமா வுடுங்க."

எதிர்வீட்டுக் கதவுகள் ஒன்றிரண்டு சாத்திக்கொண்டன. வல்லரசு தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேல பாருடா," என்றாள் அம்மா.