பத்துக்கு ஒன்பது

லண்டனிலிருந்து வந்த இசைத்தட்டு என்றால் போதும், கைலாசம் சார் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்பது போட்டுவிடுவார். பிள்ளையார்பாளையத்து வீரபாகுவுக்கு இரண்டு வருஷமாக இதுதான் வயிற்றெரிச்சல்.

ஞாயிறுதோறும் வாசகசாலை மாடியில் பத்துப் பேர் கூடுவார்கள். ஒரே சிம்பொனியை இரண்டு இசைக்குழுக்கள் வாசித்த ரிக்கார்டுகளில் கேட்டு, எது உசத்தி என்று மார்க் போடுவார்கள். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற கைலாசம்தான் தலைவர். எல்லோர் அபிப்பிராயமும் அவர் நோட்டில் ஏறும். நெசவாளி வீரபாகு சொன்னது மட்டும் ஏறியதே கிடையாது. ஒரே ஒரு வரியாவது தன் பேரில் ஏறிவிட வேண்டும் என்று கிடந்தான் அவன்.

அன்று பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி. ஒன்று கைலாசத்தின் புத்தம் புது லண்டன் தட்டு. மற்றது, வீரபாகு மூர் மார்க்கெட்டில் பொறுக்கி வந்த கீறல் தட்டு.

“லண்டனுக்கு ஒன்பது, இதுக்கு நாலு” என்றார் கைலாசம்.

“சார், மூணாவது பாகத்துல பெரிய பிடிலுங்க ஆரம்பிச்சதும் நடு பிடிலு, அதான் வயோலா, வந்து சேரணும். உங்க தட்டுல அது பிந்தி வருது. தறியில என் பக்கத்துல உக்காந்துக்கினு என் சம்சாரம் கரை நூலு ஓடுற நாடாவ வீசுறா. அவ துளி பிந்தினாலும் கரை புடவை உடம்போட சேராது. எனக்குத் தெரியும் சார்.”

“தறிச் சத்தத்துல மரத்துப்போன காதுப்பா உன்னுது.”

எல்லோரும் சிரித்தார்கள். வீரபாகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று போய் முள்ளைத் தூக்கி லண்டன் தட்டில் அதே இடத்தில் வைத்தான். மேஜையில் தாளம் தட்டிக் காட்டினான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“ஆமா சார், பிந்தத்தான் செய்யுது” என்றார் தபாலாபீஸ் வேணுகோபால்.

கைலாசம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அது தப்பில்லப்பா. இசைக்குழுவை நடத்தற கண்டக்டர் வேணும்னே செய்யறார். அது ஒரு பாணி.” நோட்டில் எழுதி, உரக்கப் படித்தார்: “வயோலா நுழைவில் அழகான தாமதம். கண்டு சொன்னவர், கைலாசம். மதிப்பெண் ஒன்பது.”

வீரபாகு தன் தட்டை உறையில் போட்டான்.

“உங்க பொண்ணு கல்யாணப் புடவை என் தறியிலதான் இருக்குது சார். கரையைச் சேர்க்காம விட்டுட்டு, அதுவும் ஒரு பாணின்னு சொல்லிடட்டுமா?”

கைலாசத்தின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் பேனா அசையவில்லை. வீரபாகு தன் தட்டை எடுத்துக்கொண்டு படி அதிர இறங்கிப் போனான்.

மறுநாள் காலை கறுவிக்கொண்டேதான் தறியில் உட்கார்ந்தான். நாலு விரற்கடை நெய்திருப்பான். பக்கத்தில் சம்சாரம் தில்லையம்மாள் கொட்டாவி விட்டாள், நாடா ஒரு துளி பிந்தியது.

“பிரி அதை! பிரிச்சுட்டு மறுபடி வீசு!” என்று கத்தினான்.

அவள் பிரித்தாள். அன்று முழுக்கக் கைலாசத்தை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே, அவர் வீட்டுப் புடவையை ஓர் இழை பிசகாமல் நெய்தான்.