தலைவரைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்

முட்டுக்காடு தாண்டி ஒரு பஸ் நிழற்குடையில் பெஞ்சமினைப் போலீஸ் கண்டுபிடித்தபோது, அவர் கடலோர மக்கள் எழுச்சிப் பேரவையின் நிறுவனத் தலைவர் கலைவாணனைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தலைவரை என்றால், தலைவரின் பேனரை. இடப்பக்கம் ஒரு சிங்கம், வலப்பக்கம் ஒரு ராக்கெட், நடுவில் கும்பிட்ட கையோடு தலைவர். மலேசியாவுக்கு டூர் போய்ப் பத்திரமாகத் திரும்பியதற்காக வைத்த பேனர் அது. ஒரு மூலை கிழிந்திருந்தது. தலைவரின் கன்னத்தில் பெஞ்சமினின் எச்சில் காய்ந்திருந்தது.

பெஞ்சமின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எட்டு வருஷமாகக் காண்ட்ராக்ட் டெக்னீஷியன். வேலை நிரந்தரமாகப் போகிற நேரம்; நன்னடத்தைக்கான போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அவர் மேல் வழக்கு என்று ஒன்று பதிவானால் அந்த வேலை போய்விடும். கலைவாணன் புகார் கொடுத்ததைக் கேட்டு ஓடிவந்து, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சாராளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"குளிருச்சின்னா வூட்டுக்கு வர்றது. நடுரோட்டுல போர்வை தேடிகினு கீறியா?"

"கூட வேலை செய்றவனுக்கு ரிட்டயர்மென்ட் பார்ட்டி. பஸ் போயிடுச்சி. கடல் காத்து."

"வாய மூடு, நாறுது."

சாராள் போன் போட்டதில் கூடுவாஞ்சேரியிலிருந்து வக்கீல் பரணிதரன் வந்து சேர்ந்தார். செங்கல்பட்டு கோர்ட்டில் வாய்தா வாங்கியே தலை நரைத்தவர். தன் பெயர் ஒரு தீர்ப்பில் வந்து பிற்காலத்தார் அதை மேற்கோள் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

"கவனமா கேளுங்க. தானா விரும்பிக் குடிச்சவனுக்குச் சட்டம் இரக்கம் காட்டாது. தெளிவா இருந்தவன் மாதிரியே பொறுப்பு. ஆனா ஒருத்தருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாவோ ஊத்திவிட்டு, அந்த மயக்கத்துல என்ன செய்றோம்னே தெரியாம செஞ்சிருந்தா அது குற்றமே ஆகாது. ஜூஸ்ல கலந்தாங்களா? தாடையைப் பிடிச்சு ஊத்தினாங்களா?"

பெஞ்சமின் யோசித்தார். "கோழி வறுவல்தான் கட்டாயப்படுத்தி வச்சாங்க."

"கலந்தாங்கன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

இன்ஸ்பெக்டர் பிரதீபா கூப்பிட்டார். உள்ளே கலைவாணன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். பின்னால் தொண்டர் ஷ்யாம், தலைவரின் இரண்டு போன்களையும் ஏந்தியபடி நின்றிருந்தார். கிழிந்த பேனர் தரையில் விரித்துக் கிடந்தது.

"மேடம், இவன் குடிகாரன்னு விட்டுடாதீங்க. இது திட்டமிட்ட சதி. என் வளர்ச்சி பொறுக்காத சக்திகள் பின்னால இருக்கு." குடிகாரன் குளிருக்குக் கிழித்தான் என்றால் தலைவருக்கு அதில் என்ன பெருமை?

பிரதீபா பெஞ்சமினைப் பார்த்தார். "யாராவது ஊத்திவிட்டாங்களா?"

பரணிதரன் முழங்கையால் இடித்தார். ரிட்டயர் ஆன மனுஷன் பார்ட்டியில் தோளைப் பிடித்து அழுதது பெஞ்சமினுக்கு ஞாபகம் வந்தது. அவர் தலையில் இதைக் கட்டுவதா?

"இல்ல மேடம். நானேதான் குடிச்சேன். கயிறை அவுத்ததும் நான்தான்."

பரணிதரன் கண்ணை மூடிக்கொண்டார். சாராள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்," என்றார் கலைவாணன். "எழுதுங்க."

"எழுதறேன். பேனர் உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்."

"ரோட்டு நடுவுல வைக்க அனுமதி வாங்கினீங்களா?"

தலைவர் சிரித்தார். "மக்கள் அன்பால வச்சது மேடம்."

"எந்த மக்கள்? பேர் சொல்லுங்க. அனுமதியில்லாம வச்சா அதுக்குத் தனி கேஸ். நீங்க வச்சதுன்னா உங்க மேல."

ஷ்யாம் இரண்டு போன்களையும் மேஜைமேல் வைத்துவிட்டு, ஸ்டாண்டில் விட்ட வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். திரும்பி வரவில்லை.

"நான் வைக்கல," என்றார் கலைவாணன்.

"வச்ச ஆளும் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப இது யாருது?"

தரையிலிருந்து சிங்கமும் ராக்கெட்டும் அவரைப் பார்த்தன. "காத்துல எங்கிருந்தாவது வந்திருக்கும்."

"குப்பைன்னு சொல்றீங்களா?"

"குப்பைதான் மேடம்."

பிரதீபா பேனாவை மூடினார். "சொந்தக்காரரே இல்லாத பொருளுக்கு நஷ்டம்னு யார் புகார் குடுக்கறது? மனுவைத் திருப்பி வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க." பெஞ்சமின் பக்கம் திரும்பினார். "நீங்க யோக்கியம்னு நான் சொல்லல. நாளைக்கு இதே மாதிரி இன்னொருத்தரோட வண்டிய எடுத்துட்டு, போதையில இருந்தேன்னு வந்து நின்னா நேரா செங்கல்பட்டு ஜெயில்தான். போங்க."

வெளியே வந்ததும் சாராள் பெஞ்சமினின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே இடத்தில் தடவிவிட்டாள்.

"அருமையான பாயின்ட்," என்றார் பரணிதரன், துக்க வீட்டிலிருந்து வருகிறவரைப் போல. "வாதாட வழியே இல்லாமப் போச்சு."

"அவரு உள்ள போயிருந்தா உனக்குப் பாயின்ட்டு. எனக்கு இன்னா அண்ணாத்த?" சாராளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

எதிர் ஓட்டலில் மூன்று பேருக்கும் இட்லி வந்தது.

"இனிமே தொடமாட்டேன் சாராளு," என்றார் பெஞ்சமின்.

"அத்த அடுத்த பார்ட்டி முடிஞ்சி வந்து சொல்லு. இப்ப துன்னு."