பொறுக்கி

பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது, முட்டை வடிவத் தோல்பந்து, அதற்காக ஆறடிக்கு மேற்பட்ட நாலைந்து பேர் ஒருவன் முதுகில் ஒருவன் முழங்கால் ஊன்றி எழும்புகிறார்கள், அவர்களுடைய கால்களுக்கு நடுவே நான், ஐந்தடி மூன்று அங்குலம், மேலே பார்ப்பதில்லை, விரல்களில் நழுவி எங்கே விழும் என்று நிலத்தைத்தான் பார்க்கிறேன், மெல்பேர்ன் புறநகர் ஒஸ்திரேலிய ஃபுட்போல் அணி ஒன்றில் எட்டு வருடம் அதுதான் என் வேலை, நெட்டையர்கள் தவறவிட்டதை எடுத்துக்கொண்டு ஓடுவது, அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிரம்பர், சிந்திய பாண் தூளை, ரொட்டித் துணுக்கைப் பொறுக்குகிறவன், இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்தப் போனது என் பிழை, ஒரு கலியாண வீட்டில் நேசராசா மாமா, உங்கட பெடியன் ஃபுட்போலில என்னவா விளையாடுறான் என்று கேட்க, அப்பா முகத்தில் ஒன்றும் காட்டாமல், பொறுக்கியா விளையாடுறான் என்றார், மண்டபமே சிரித்தது, அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா, எனக்கு இன்றுவரை சந்தேகம், அதற்குப் பிறகு வீட்டில் அதுவே என் பெயர், பொறுக்கி சாப்பிட்டிட்டானோ, பொறுக்கி வந்திட்டானோ, ஒரு ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை, மாட்டுச் சண்டை பாக்க எனக்கு நேரமில்லை என்பார்.

அரையிறுதியில் ஒருவனின் முழங்கை என் காதோரம் இறங்கியது, எழும்பினேன், பந்து கையில், ஓடுகிறேன், திசை மாறி, எதிரணி கோல் போடும் எங்கள் பக்கத்துக் கம்பங்களை நோக்கி ஓடுகிறேன், ஏதோ சுழித்து ஏமாற்றுகிறேன் என்று நினைத்துச் சனம் கைதட்டுகிறது, ரஸ் மட்டும் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துத் திருப்பிவிட்டான், ரஸ் ஆறடி ஐந்து, பதினாறு வயதிலிருந்து என் கூட்டாளி, தலை சுத்துதோடா என்றான், ஒருத்தருக்கும் சொல்லாதை என்றேன், அடுத்த சனி இறுதியாட்டம், வியாழக்கிழமை பயிற்சியாளர் டெரி என்னைத் தனியே கூப்பிட்டு, உனக்குத் தலையில அடி, டொக்டரிட்டப் போ என்றார், ஆர் சொன்னது என்றேன், அது உனக்குத் தேவையில்லை என்றார், டொக்டர் பார்த்துவிட்டு இனி விளையாட்டே வேண்டாம் என்றார், என் இடத்தில் இறங்கியவன் ரஸ்ஸின் தம்பி, டெரியிடம் சொன்னது ரஸ்தான், வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை, பதினொரு வருடம் ரஸ்ஸுடன் கதைக்கவில்லை, கடைத்தெருவில் கண்டால் கையைத் தூக்குவான், குற்றம் செய்தவன்தானே முந்திக்கொண்டு கையைத் தூக்குவான் என்று திரும்பி நடப்பேன், எனக்கு மகள் பிறந்ததற்கு அட்டை அனுப்பியிருந்தான், பிரிக்காமலே குப்பையில் போட்டேன்.

நேற்றுப் பின்னேரம் குசினியில் அப்பாவின் கை பட்டு மருந்துப் பெட்டி சரிந்தது, குளிசைகள் சிதறின, நீளமான ஒன்று மேசை விளிம்பில் பட்டுத் தெறிக்க, நிலத்தைத் தொடுமுன் பாய்ந்து பிடித்துவிட்டேன், உடம்பு மறக்கவில்லை, அப்பா சிரித்தார், பொறுக்கி, இப்பவும் இடப்பக்கம்தான் பாயிறாய், அண்டைக்கும் அப்பிடித்தான், அந்த நெட்டையன் சட்டையில பிடிச்சுத் திருப்பாட்டி அங்காலதான் போயிருப்பாய், சொல்லிவிட்டுச் சட்டென்று மருந்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், நீங்கள் வந்தனீங்களோ அப்பா, வேலிக்கு வெளியில நிண்டனான், எத்தினை ஆட்டத்துக்கு, எல்லாத்துக்கும், அப்ப டெரியிட்டப் போய்ச் சொன்னது, தண்ணியைத் தா தம்பி, மருந்துக்கு நேரமாச்சு என்று கையை நீட்டுகிறார், நான் இன்னும் தரையில் குந்தியிருக்கிறேன், இந்த முறை நிலத்தைப் பார்க்கவில்லை, மேலே, அவர் முகத்தைப் பார்க்கிறேன், குளிசை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.