சேர்வரின் நேரம்

2006 ஏப்ரல் 15ஆம் திகதி இலங்கையின் கடிகாரங்கள் அரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பப்பட்டன. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியிருந்த உதவி நிறுவனமொன்றின் சுவர்க் கடிகாரத்தைப் பாக்கியரத்தினம் கதிரையில் ஏறித் திருப்பினார். அங்குள்ள கணினிகளுக்கும் அவரே பொறுப்பு.

மே மாதம் யாரோ வெளியிலிருந்து நிறுவனத்தின் சேர்வருக்குள் புகுந்து, இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். புகுந்தவரின் இணைய முகவரியையும் நேரத்தையும் பாக்கியரத்தினம் கண்டெடுத்துப் பொலிசாரிடம் கொடுத்தார். தொலைபேசி வழியாக இணையத்தில் இணைபவருக்குக் கிடைக்கும் அத்தகைய முகவரி, ஒருவர் தொடர்பைத் துண்டித்ததும் அடுத்தவருக்குப் போய்விடும். நேரத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கலாம். பொலிசார் கொழும்பிலுள்ள இணைய நிறுவனத்திடம் விசாரித்தார்கள். மாலை ஆறே முக்காலுக்கு அந்த முகவரி, பக்கத்துத் தெருவில் காசுக்குத் தொலைபேசியும் இணையமும் பாவிக்கக் கொடுக்கும் அபூதாஹிரின் கொமியூனிகேஷன் கடைத் தொலைபேசியில் இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"கள்ளனை வீட்டு வாசலிலயே பிடிச்சுப்போட்டீர் ஐசே!" பணிப்பாளர் இராசதுரை எல்லோர் முன்னிலையிலும் பாக்கியரத்தினத்தின் கையைக் குலுக்கினார்.

இரண்டொரு நாளில் அபூதாஹிரின் மனைவி ஜெஸீமா வந்தார்.

"எத்தின மணிக்கெண்டு சொல்றாங்க சேர்?"

"ஆறே முக்கால், தங்கச்சி."

"அப்ப மஃரிப் தொழுதிட்டு வந்து கடையத் திறந்திருந்தவர். பக்கத்து வீட்டு உம்மு குல்சும்ட மகன் கட்டார்ல இருந்து இன்டர்நெட்ல அனுப்பின படத்தக் கம்பியூட்டர்ல காட்டினவர். 'என்ட புள்ளக்கு அங்க யாரு சோறாக்கிற'ண்டு அந்த மனிசி கத்தின கத்தில தெருவே கூடிட்டு. அவ்வளவு பேரும் சாட்சி. நீங்க சொல்றது புது நேரமா, பழைய நேரமா?"

ஊரில் பலர் இன்னமும் அப்படித்தான் கேட்டார்கள்.

"புது நேரம்தான்" என்றபடி பாக்கியரத்தினம் சேர்வரின் திரையைப் பார்த்தார். பதினொன்றரை. சுவரில் பதினொன்று.

சேர்வரின் நேரத்தை அவர் மாற்றவேயில்லை. யாரோ புகுந்தபோது உண்மையில் ஆறேகால். அபூதாஹிர் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம்.

"நான் பார்க்கிறன்" என்றார். நிமிர முடியவில்லை.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லத நாடட்டும்" என்று சொல்லிவிட்டு ஜெஸீமா போனார்.

நேரம் பிழைத்ததைப் பாக்கியரத்தினம் இராசதுரையிடம் சொன்னார்.

"பிழை எண்டு எழுதாதையும். 'மேலதிகத் தகவல்' எண்டு போடும். பிழை எண்டால் நாளைக்கு எங்களை ஆர் நம்புவினம்?"

"ஓம் சேர்."

அப்படியே பொலிசாருக்குக் கடிதம் எழுதினார். அதைப் பொலிசார் அவசரமாகக் கருதவில்லை.

அபூதாஹிர் ஜூலையில் விடுவிக்கப்பட்டார். நேரே அலுவலகத்துக்கு வந்து பாக்கியரத்தினத்தின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"உங்கட கடிதத்தாலதான் விட்டவங்க சேர். சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்."

பாக்கியரத்தினம் அவரை உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார்.

இணைய நிறுவனத்தின் பதிவின்படி ஆறேகாலுக்கு அந்த முகவரி கொழும்புத் தொலைபேசி ஒன்றில் இருந்தது. அதை எவரும் விசாரிக்கவில்லை. பொலிசார் கொண்டுபோன கடைக் கணினிகள் திரும்பி வரவில்லை. அபூதாஹிர் கடையை மூடிவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனார்.